பெயர்ச்சொல்லைத் திருத்தி வினைமுற்றை விட்டுவிடும் ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி

நலவாழ்வுத் துண்டறிக்கைகளையும் பயிற்சிக் கையேடுகளையும் செம்மைப்படுத்துவது என் வேலை. எழுத்துப்பிழை, சந்திப்பிழைகளோடு இழிவுபடுத்தும் சொற்களையும் கண்டுபிடித்து மாற்றுச்சொல் தரும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒரு தமிழ்ப் பிழைதிருத்தி மென்பொருளுக்குச் சந்தா கட்டி, மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சந்தி விஷயத்தில் அதன் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. பாலியல் தொழிலாளர்களைப் பற்றிய கையேடு ஒன்றை அதில் ஏற்றியபோது கண்டதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

'விபச்சாரி', 'விலைமாது', 'விலைமகள்' ஆகிய மூன்றுக்கும் அது உடனே சிவப்புக் கோடிட்டு, 'பாலியல் தொழிலாளி' என்று மாற்றியது. இது சரியே. விபச்சாரம் என்னும் வடசொல்லின் அடியில் கிடப்பது நெறி பிறழ்தல் என்னும் பொருள். அது ஒருவர் செய்யும் வேலையைச் சொல்லாமல் அவருடைய நடத்தைக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. விலைமாது என்னும்போதோ அந்தப் பெண்ணே விற்பனைப் பொருளாகிவிடுகிறார். ஆனால் இதே கருத்தை விரித்துச் சொல்லும் 'உடலை விற்றுப் பிழைப்பவர்கள்' என்னும் தொடர் அடுத்த பத்தியிலேயே இருந்தும் மென்பொருள் அதைத் தொடவில்லை.

ஐயம் வந்ததால், செய்தி நடையில் நானே ஒரு வாக்கியம் எழுதி உள்ளிட்டேன்: 'விடுதியில் விபச்சாரி பிடிபட்டாள், உடனிருந்த தொழிலதிபர் தப்பிச் சென்றார்.' திருத்தத்துக்குப் பின் 'விடுதியில் பாலியல் தொழிலாளி பிடிபட்டாள். உடனிருந்த தொழிலதிபர் தப்பிச் சென்றார்' என்று வந்தது. அவளுக்கு 'ஆள்', அவருக்கு 'ஆர்'. பணம் கொடுத்தவருக்குக் கிடைத்த மரியாதை விகுதி பணம் பெற்றவருக்குக் கிடைக்கவில்லை என்பதும், திருடனுக்கும் கூண்டில் சிக்கிய சிறுத்தைக்கும் பொதுவான 'பிடிபடு' என்னும் வினை அந்தப் பெண்ணுக்கு மட்டும் வந்து சேர்ந்தது என்பதும் இந்த மென்பொருளின் கண்ணில் படவில்லை. தமிழில் இழிவு பெயர்ச்சொல்லைவிட விகுதியில்தான் அதிகம் ஒளிந்திருக்கிறது. தமிழுக்கென்றே செய்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு கருவி அதை அறிந்திருக்க வேண்டாமா?

இதைவிடக் கடுமையான குறை ஒன்று உண்டு. கடத்தப்பட்டு விடுதியில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பதினைந்து வயதுச் சிறுமியைப் பற்றிய பகுதியில், மூல ஆசிரியர் கவனக்குறைவாக 'விபச்சாரச் சிறுமி' என்று எழுதியிருந்தார். மென்பொருள் அதைச் 'சிறார் பாலியல் தொழிலாளி' என்று மாற்றிப் பச்சைக் குறியும் இட்டது. மூலத்தில் இருந்தது தவறு என்றால், திருத்தம் அதைவிடப் பெரிய தவறு. பாலியல் தொழில் என்னும் சொல் வயது வந்தோர் தம் இசைவோடு செய்வதற்கு மட்டுமே உரியது. பதினெட்டு வயது நிரம்பாதவர் விஷயத்தில் நடப்பது பாலியல் சுரண்டல். சிறார் பாதுகாப்புக்காக 2016இல் லக்சம்பர்க்கில் ஏற்கப்பட்ட பன்னாட்டுச் சொல்வழிகாட்டியும் சிறாருக்குப் 'பாலியல் தொழிலாளி' என்னும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. கடத்தப்பட்டோரையும் இத்தொழிலில் உள்ள எல்லோரையும் ஒன்றாகக் குழப்புவதே பொதுமக்களிடம் உள்ள பெரிய தவறான எண்ணம்; இக்கருவி அந்தக் குழப்பத்தைத் திருத்தமாகவே விற்கிறது.

சில இடங்களில் 'வணிகப் பாலியல் தொழிலாளி' என்றும் அது பரிந்துரைத்தது. தொழிலாளி என்று சொன்ன பிறகு வணிகம் எதற்கு என்று கேட்டு, ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட சொல் வழிகாட்டுதலே அந்த முன்னொட்டை விலக்கிவிட்டது. 'நோயைப் பரப்பும் பெண்கள்' என்னும் தொடரும் கோடு எதுவுமின்றிக் கடந்து போயிற்று. ஆணுறை அணிய மறுப்பவர் பெரும்பாலும் வாடிக்கையாளர்தான். பையில் ஆணுறை இருப்பதையே குற்றத்துக்குச் சான்றாகக் காவல்துறை எடுத்துக்கொள்ளும் நாடுகளும் உண்டு. இத்தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினால் பாலியல் தொழிலாளர்களுக்கும் அவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கும் பத்தாண்டுகளில் ஏற்படும் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 விழுக்காடு வரை தவிர்க்கலாம் என்று 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கணித்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் பழியை ஒரு பக்கத்தில் மட்டும் சுமத்தும் தொடர் அது.

சொல் விளக்கப் பலகத்தைத் திறந்தால், 'பாலியல் தொழில்' என்பது ஐ.நா. உருவாக்கிய சொல் என்றிருக்கிறது. இது பிழை. 1970களின் இறுதியில், தாமே அத்தொழிலில் இருந்த அமெரிக்கரான கேரல் லீ, ஒரு பெண்கள் மாநாட்டு அமர்வின் தலைப்பு வாடிக்கையாளரின் செயலை மட்டுமே குறிக்கிறது என்று கண்டு, தம் வேலையைக் குறிக்கும்படி முன்வைத்த சொல் அது. ஐ.நா. அமைப்புகள் பின்னாளில் எடுத்துக்கொண்டன. அவரவர் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் என்பதுதான் அச்சொல்லின் பலமே என்பதால், இந்தப் பிழையைச் சிறிதென்று விட எனக்கு மனம் வரவில்லை.

கையேட்டில் ஒரு பெண், 'நான் தொழிலுக்குப் போய் ஒன்பது வருஷமாச்சு' என்று பேசியிருந்தார். மென்பொருள் மேற்கோள் குறிக்குள்ளும் புகுந்து, 'நான் பாலியல் தொழிலாளியாகி ஒன்பது வருஷமாச்சு' என்று எழுதி வைத்தது. அச்சுக்குப் போகும் முன் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

இந்தக் குறைகளை எழுதி அனுப்பினேன். சிறார் தொடர்பான மாற்றுச்சொல்லை மட்டும் பத்து நாளில் நீக்கிவிட்டார்கள்; விகுதி பற்றி 'பரிசீலிக்கிறோம்' என்ற பதிலோடு நிற்கிறது. சந்தியின் பொருட்டுச் சந்தாவை நீட்டித்திருக்கிறேன். வாங்க நினைப்பவர்கள் அமைப்புப் பக்கத்தில் 'தானாக மாற்று' என்பதை அணைத்து, 'கோடிட்டுக் காட்டு' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேற்கோள்களைத் தவிர்க்கும் வசதி அதே பக்கத்தின் கடைசியில் இருக்கிறது, அதையும் நீங்களேதான் இயக்க வேண்டும்.