ஆப்பிரிக்வில் அருங்காட்சியகம்: இடிக்கப்பட்ட ஊரின் வாழ்க்கையைக் காட்டும் தேவாலயம்

கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில், பெட்ஃபோர்டு பேசின் என்னும் வளைகுடாவின் கரையில், மெக்கே பாலத்துக்கு அருகே ஒரு சிறிய மரத் தேவாலயம் நிற்கிறது. அதுதான் ஆப்பிரிக்வில் அருங்காட்சியகம். ஆப்பிரிக்வில் என்னும் ஊராக அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களின் சீவியூ தேவாலயத்தை மாநகராட்சி 1967 நவம்பரில் இரவோடிரவாக இடித்துத் தள்ளியது. அதன் சாயலில் எழுப்பப்பட்ட இக்கட்டடம் 2011ஆம் ஆண்டு நிறைவுபெற்றது. ஹாலிஃபாக்ஸ் செல்லும் எவரும், கோட்டையையும் துறைமுக நடைபாதையையும் பார்க்க ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உள்ளே நுழைந்ததும் என்னைக் கவர்ந்தது, காட்சியமைப்பு இடிப்பிலிருந்து தொடங்காமல் வாழ்க்கையிலிருந்து தொடங்குவதுதான். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மூண்ட 1812ஆம் ஆண்டுப் போரின்போது அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு, ஹாலிஃபாக்ஸ் இருக்கும் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் விளைச்சல் தராத கல்லாங்காடுகளே ஒதுக்கப்பட்டன. அங்கே பிழைக்க வழியின்றி, நகரில் வேலை தேடி இக்கரைக்கு வந்த குடும்பங்களுள் வில்லியம் பிரவுன், வில்லியம் அர்னால்டு ஆகிய இருவர் 1848இல் விலைகொடுத்து நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்தனர். அடுத்த ஆண்டே தேவாலயச் சபை உருவானது. 1883இல் பள்ளியும், பிறகு அஞ்சலகமும் சிறு கடைகளும் வந்தன. வளைகுடாவில் மீன்பிடித்தும், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்தும் அவர்கள் குடும்பம் நடத்தினர். ஈஸ்டர் நாளன்று விடியற்காலையில் தேவாலயத்தில் கூடிப் பாடிவிட்டு, ஞானஸ்நானம் பெறுவோரை அந்த வளைகுடா நீரிலேயே முழுக்காட்டுவார்கள்; அதைக் காண நகரத்து வெள்ளையரும் வந்து நிற்பதுண்டு. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் தோன்றுவதற்கு 22 ஆண்டுகளுக்கு முன், 1895இல் தொடங்கிய கறுப்பினத்தவருக்கான பனி ஹாக்கி லீக்கில் இவ்வூருக்கென்று ஓர் அணி இருந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகியான போர்ஷியா ஒயிட், இளமையில் இங்கே ஆசிரியையாகப் பணியாற்றியவர். புகைப்படங்களின் முன் நின்று, முன்னாள் குடியிருப்பாளர்களின் குரல்களைக் கேட்கும்போது, சுமார் 400 பேர் மட்டுமே வாழ்ந்த ஊரில் இத்தனை நிறைவா என்று நெஞ்சு விம்முகிறது.

இதையெல்லாம் பார்த்த பின்னர் மற்ற பகுதியைப் பார்ப்பதால்தான் அது இன்னும் ஆழமாக வலிக்கிறது. ஊரின் நடுவே ரயில் பாதை போடப்பட்டது. அருகிலேயே சிறைச்சாலை, தொற்றுநோய் மருத்துவமனை, மலக்கழிவுக் குழிகள் ஆகியவற்றைக் கொண்டுவந்த நகரம், 1950களில் திறந்தவெளிக் குப்பைமேட்டையும் வைத்தது. வரி வாங்கிய அதே மாநகராட்சி, குடிநீர்க் குழாயோ கழிவுநீர் வசதியோ தார்ச்சாலையோ கடைசிவரை தரவில்லை. பிறகு, தான் சீரழித்த இடத்தையே சேரி என்று காரணம் காட்டி, 1964 முதல் மக்களை வெளியேற்றியது. பத்திரம் காட்ட முடியாதவர்களுக்கு 500 டாலர் மட்டுமே கிடைத்தது. சிலரின் தட்டுமுட்டுச் சாமான்கள் குப்பை லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. 1970 ஜனவரியில் கடைசியாக எஞ்சியிருந்த ஏரன் கார்வெரியின் வீடும் போயிற்று. மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2010 பிப்ரவரி 24 அன்று. அதனுடன் நிலமும் 30 லட்சம் டாலரும் தேவாலயத்தை மீண்டும் கட்டுவதற்காக வழங்கப்பட்டன. தனிநபர் இழப்பீடு அதில் இல்லை என்பதை நினைக்கும்போது, அந்த மன்னிப்பு பாதியளவே நிறைவேறியதாக எனக்குத் தோன்றுகிறது.

பார்க்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் நான் வந்த சுற்றுலாப் பேருந்து இவ்விடத்துக்கு 15 நிமிடம்தான் ஒதுக்கியிருந்தது; பாதிப் படங்களைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பி, மறுநாள் வாடகைக் காரில் மீண்டும் சென்றேன். கட்டடம் சிறியதுதான். ஆனாலும் நின்று வாசிப்பவருக்கு ஒன்றரை மணி நேரம் வேண்டும். திறந்திருக்கும் நாட்களைக் கேட்டறிந்து செல்வது நல்லது. பார்த்து முடித்ததும் காரில் ஏறிவிடாமல் வெளியே புல்வெளியில் நடந்து பாருங்கள். ஒருபுறம் பாலத்தின் வாகன இரைச்சல், மறுபுறம் சரக்குப் பெட்டக முனையம், நடுவே வீடுகள் இருந்த வெற்று நிலம். உள்ளே பார்த்த புகைப்படங்களை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவைப் பார்த்தால்தான், எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குக் குழந்தைகள் ஓடியிருப்பார்கள் என்பது புலப்படும்.

இயன்றால் கோடைக்காலத்தில் செல்லுங்கள். முன்னாள் குடியிருப்பாளர்களும் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் 1980களிலிருந்து ஆண்டுதோறும் அந்நிலத்தில் ஒன்றுகூடுகிறார்கள். பலர் தங்கள் வீடு நின்ற இடத்திலேயே கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள்.