தோள் பைசெப்ஸ் ஆபரேஷன்: வெட்டி விடுவதா, கட்டுவதா?

பைசெப்ஸ் (புஜத்தின் முன்பக்கத் தசை) தசைநாண் புண்ணாகி, காரைக்குடியிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ தோள்வலிக்குப் போகிறவர்கள் இரண்டு ஆபரேஷன் பெயரோடு திரும்புகிறார்கள்: டெனாடமி, டெனோடெசிஸ். பைசெப்ஸுக்கு மேல்முனையில் நீளத் தலை, குட்டித் தலை என இரண்டு தசைநாண். நீளத் தலை தசைநாணைத் தோள் கிண்ணத்தின் மேல்விளிம்பில் வெட்டி அப்படியே விடுவது முதலாவது. வெட்டிய நுனியை மேற்கை எலும்பில் பொருத்துவது இரண்டாவது.

டெனாடமியை மட்டமாக எடைபோடுகிறார்கள், அது தவறு. ஆர்த்ரோஸ்கோப் (மூட்டுக்குள் பார்க்கும் கேமராக் குழாய்) துளை வழியே சில நிமிட வேலை, ஸ்க்ரூ இல்லை, பில்லும் குறைவு. குட்டித் தலை தசைநாண் அப்படியே இருப்பதால் முழங்கை மடங்கும். குறை, தசை கீழே சுருண்டு புஜத்தில் உருண்டை தெரியலாம். சதைப்பிடிப்பான கையில் அதுவும் அவ்வளவாகத் தெரியாது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் பலம் கொஞ்சம் குறையும், சிலருக்குத் தசை பிடித்து இழுக்கும். வலக்கையால் பழைய வீட்டுக் கதவின் பெரிய சாவியைத் திருப்புவதும் ஸ்க்ரூ முடுக்குவதும் அந்தப் பலத்தில்தான். அதனால் தச்சருக்கும் பிட்டருக்கும் டெனோடெசிஸ் பொருந்தும். அறுபது தாண்டி, கனமான வேலை இல்லாதவருக்கு டெனாடமி போதும்.

டெனோடெசிஸில் எந்த இடத்தில் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள். தசைநாண் இறங்கிவரும் மேற்கை எலும்புப் பள்ளத்தின் மேலேயே கட்டினால் புண்ணான தசைநாண் பள்ளத்திலேயே தங்கி, முன்தோள் வலி நீடிக்கலாம். அக்குள் பக்கம் சுமார் 3 செ.மீ. கீறி, மார்புத்தசைக்குக் கீழே கட்டினால் புண்ணான பகுதி முழுக்கப் பள்ளத்தை விட்டு வெளியேறிவிடும். ஆனால் 7, 8 மி.மீ. ஸ்க்ரூவுக்கான துளை ஓரமாகப் போனால் பின்னாளில் அங்கேயே எலும்பு முறியலாம். ஸ்க்ரூவுக்குப் பதிலாகத் தசைநாணை எலும்பில் பிடித்துவைக்கும் சின்ன ஆங்கர், பட்டனுக்குத் துளை சிறியது. ஆபரேஷனின்போது தசையை உள்பக்கம் பலமாக இழுத்துப் பிடித்தால் நரம்பு அடிபட்டு முன்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போகலாம். கட்டிய தசைநாணின் இழுவை கூடினால் வலி, தளர்ந்தால் உருண்டை. நிறையக் கட்டிப் பழகிய கைதான் இங்கே முக்கியம்.

நாற்பது தாண்டியவருக்குக் இந்த இரண்டையும் விட்டு, தசைநாண் ஒட்டியிருக்கும் கிண்ண விளிம்பைத் தைப்பதை மட்டும் சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். தோள் இறுகிப்போகிற வாய்ப்பு அதில் கூடுதல்.

டெனோடெசிஸ் வீட்டிலும் கெடலாம். மூன்றாவது வாரம் வலி அடங்கியிருக்கலாம். ஆனால் எலும்போடு தசைநாண் அப்போது முழுதாக ஒட்டியிருக்காது. சுமார் ஆறு வாரம் தண்ணீர்க் குடம், அண்டா, சாவி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் அந்தக் கையில் வேண்டாம். தோளைச் சுழற்றும் தசையையும் (ரொட்டேட்டர் கஃப்) சேர்த்துத் தைத்திருந்தால் டெனாடமிக்கும் கையைத் தாங்கும் தொட்டில் கட்டு நான்கு முதல் ஆறு வாரம் இருக்கும்; சீக்கிரம் எழுந்துவிடலாம் என்கிற லாபம் அங்கே இல்லை. எஸ்டிமேட்டில் ஸ்க்ரூ, ஆங்கர் விலையைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்; காப்பீட்டுக்காரரிடம் அட்மிஷனுக்கு முன்பே காட்ட வேண்டிய தாள் அதுதான்.