குளிரில் ஓடும்போது மூச்சு இறுகினால்: மஃப்ளரா, முகமூடியா, இன்ஹேலரா?

டொரொன்டோவின் ஜனவரிக் காலையில், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகையில் நிற்கும்போது ஓடப் புறப்படுபவர்களில் சிலருக்கு, ஓட்டம் முடிந்த ஐந்து பத்து நிமிடங்களில் நெஞ்சு இறுகி, இருமல் கிளம்பி, மூச்சில் விசில் சத்தம் கேட்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஆஸ்துமா என்று ஒருபோதும் சொல்லப்படாதவர்களுக்கும் வரக்கூடும். பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே தணிந்துவிடுகிறது என்பதால், பலர் இதை உடற்பயிற்சிப் பழக்கமின்மை என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள்.

குளிரைக் குற்றம் சொல்வது வழக்கம் என்றாலும், அதைவிடப் பெரிய காரணம் வறட்சி. உடலின் 37 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 44 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்யத்துக்குக் கீழே 10 பாகையில் அதே அளவு காற்றில் இரண்டு கிராமைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் இடமுண்டு. மீதியை மூச்சுக்குழாயின் உட்சுவர் கொடுத்தாக வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை மட்டுமே இழுப்பதால் மூக்கே இந்த வேலையை முடித்துவிடுகிறது. வேகமாக ஓடும்போது அந்த அளவு 60 லிட்டரைத் தாண்டுகிறது, வாய் திறக்கிறது, வறண்ட காற்று நேரே உள்ளே இறங்குகிறது. சுவரின் மேலுள்ள ஈரப்படலம் வற்றி அதன் உப்புச் செறிவு கூடும்போது, அங்குள்ள செல்கள் ஹிஸ்டமின், லூக்கோட்ரைன் போன்ற வேதிப்பொருள்களை வெளியிட, குழாயைச் சுற்றியுள்ள தசை சுருங்குகிறது. ஆகவே எந்த வழியையும் எடைபோட நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: இழந்த ஈரத்தை இது திருப்பித் தருகிறதா, அல்லது அந்த இழப்பின் விளைவை மட்டும் தடுக்கிறதா?

ஈரத்தைத் திருப்பித் தரும் வழிகளில் மஃப்ளரும் கழுத்துக் குழாய்த் துணியும் மலிவானவை. வெளிவிடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்த மூச்சோடு உள்ளே போகின்றன. நடைக்கும் மெதுவோட்டத்துக்கும் இது போதும். ஆனால் இருபது நிமிடம் கடந்தால் வாய்க்கு நேரே உள்ள பகுதி நனைந்து, கடுங்குளிரில் விறைத்து உறைந்துவிடும். அப்போது துணியைச் சுழற்றி உலர்ந்த பக்கத்தை முன்னே கொண்டுவர வேண்டும். வெப்பப் பரிமாற்ற முகமூடி இதே வேலையை நேர்த்தியாகச் செய்கிறது. அதனுள் இருக்கும் பொதி போகும் மூச்சின் வெப்பத்தையும் ஈரத்தையும் பிடித்து வைத்து, வரும் மூச்சுக்குக் கொடுக்கிறது. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், குளிரில் பயிற்சி செய்யும் இத்தகையோருக்கு இவ்வகைச் சாதனத்தைப் பரிந்துரைக்கிறது. வேகத்தைக் கூட்டும்போது மூச்சை இழுப்பது சற்றுக் கனமாகத் தெரிவதும், உள்ளே எச்சில் சேர்வதும் இதன் குறைகள். வாரத்தில் பல நாள் வெளியே ஓடுபவருக்கு முகமூடியும், எப்போதாவது ஓடுபவருக்குத் துணியும் பொருந்தும் என்பது என் கருத்து.

அடுத்த போட்டி இன்ஹேலருக்கும் உடலைச் சூடேற்றும் முன்பயிற்சிக்கும் இடையே. பயிற்சிக்கு ஏறத்தாழ 15 நிமிடம் முன்பு இழுக்கும் சல்பியூட்டமால் என்ற இன்ஹேலர் மருந்து தசைச் சுருக்கத்தைத் தடுத்து, இரண்டு முதல் நான்கு மணி நேரம் காக்கிறது. விரைவும் உறுதியும் இதற்கே அதிகம். ஆயினும் நாள்தோறும் எடுத்தால் அதன் பாதுகாப்பு குறுகிக்கொண்டே போகும் என்பதையும், அது குழாயின் அழற்சியைத் தொடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஆஸ்துமாவுக்கு இந்த நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜைனா 2019 முதல் சொல்லிவருவது இதனால்தான். வாரத்தில் பல முறை அதைத் தேடுகிறவர், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். நீல இன்ஹேலரை எடுத்துச் செல்பவர்கள் அதை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும். குளிர்ந்த இன்ஹேலர் சரியாகப் பீச்சாது.

முன்பயிற்சிக்குச் செலவு கிடையாது. அரை நிமிட வேக ஓட்டம், பிறகு சற்று ஓய்வு என ஆறேழு முறை செய்தால், பாதிக்கப்படுவோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அடுத்த ஒன்று இரண்டு மணி நேரம் குழாய்கள் எளிதில் சுருங்குவதில்லை. அடுக்குமாடியின் படிக்கட்டிலேயே இதை முடித்துவிட்டு வெளியேறலாம். எல்லோருக்கும் பலிக்காது என்பதுதான் இதன் பலவீனம். இருந்தும், தொல்லை லேசாக இருப்பவர் முகத்துணியோடு இதைத்தான் முதலில் முயல வேண்டும் என்பேன். ஆஸ்துமா உறுதியானவர் மருத்துவர் தந்த மருந்தை விட்டுவிடாமல் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் டிரெட்மில்லில் ஓடுவது சிக்கலைக் குறைக்கிறது. வெளிச்சமும் திறந்தவெளியும் போய்விடுவதே இழப்பு. குறுக்குநிலப் பனிச்சறுக்கின் சர்வதேசப் போட்டிகளுக்கே பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகை என்று எல்லை உண்டு. மூச்சுத் தொல்லை உள்ளவர் அதற்கு வெகு முன்பே, 15 பாகை அளவில், உள்ளே போய்விடுவது நல்லது. முடிவெடுக்கக் காற்றுக்குளிர்க் குறியீட்டைப் பார்க்க வேண்டாம். அது தோல் இழக்கும் வெப்பத்தைச் சொல்வது. நுரையீரலுக்கு உண்மையான வெப்பநிலையே கணக்கு.

இந்த வழிகளில் எதுவும் பொருந்தாத இரண்டு நிலைகள் உண்டு. சத்தம் தொண்டையிலிருந்து, மூச்சை உள்ளிழுக்கும்போது வந்து, நின்றவுடன் மறைந்தால், குரல்வளை குறுகுவது காரணமாக இருக்கலாம்; இன்ஹேலர் அதற்கு உதவாது, பேச்சு மற்றும் மூச்சுப் பயிற்சியே உதவும். நடுவயதைக் கடந்தவருக்கு, குறிப்பாக இதய நோய் அதிகமுள்ள தெற்காசியரான நமக்கு, குளிரில் ஓடும்போது மார்பில் பாரம் ஏறி, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால், அதை இழுப்பு என்று எண்ணி இன்ஹேலரைத் தேடாமல், அங்கேயே நின்று 911ஐ அழைக்க வேண்டும்.