முதியோருக்கான சுகாதார விளம்பரம்: பலித்ததா என்பதை எதைக்கொண்டு அளப்பது?

இங்கிலாந்தில் 2012 மே, ஜூன் மாதங்களில், 50 வயதைத் தாண்டியவர்களுக்காக ஒரு விளம்பரம் ஓடியது: மூன்று வாரமாக இருமல் விடவில்லையா, மருத்துவரைப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதே நோக்கம். இத்தகைய விளம்பரத்தை எடைபோட மூன்று வழிகள் உண்டு: மக்களைக் கேட்பது, மருத்துவப் பதிவுகளைப் பார்ப்பது, விளம்பரம் எட்டாத பகுதியோடு ஒப்பிடுவது. பெரும்பாலும் செலவு குறைந்த முதல் வழியையே பிடித்துக்கொள்கிறார்கள். அதில்தான் விஷயமும் குறைவு.

"இதைப் பார்த்தீர்களா?" என்று நேரடியாகக் கேட்டால், பார்க்காதவர்களும் ஆமாம் என்பார்கள். எதையும் காட்டாமல் முதலில் கேட்க வேண்டும். பிறகு உண்மை விளம்பரத்தோடு, ஒளிபரப்பாகாத ஒன்றையும் காட்ட வேண்டும். பொய்யானதைப் பார்த்ததாகப் பலர் சொன்னால், உண்மையானதற்கு வந்த எண்ணையும் குறைத்தே மதிக்க வேண்டும். தொலைபேசியில் மட்டும் கேட்டால் காது மந்தமானவர்கள் விடுபடுவார்கள்; இணையத்தில் மட்டும் கேட்டால் திடமாக நடமாடுபவர்களே அதிகம் சிக்குவார்கள். அறிகுறி தெரிந்தவர்கள் 40 சதவீதத்திலிருந்து 50 ஆனதை நம்பிக்கையோடு சொல்ல, முன்னும் பின்னும் தலா 390 பேராவது வேண்டும். 150 பேரை வைத்துக்கொண்டு வெற்றி என்று அறிவிப்பது முதியோருக்குச் செய்யும் அநியாயம்.

பதிவுகள் பேசுவது நடத்தையை. 2012இல் அவசரப் பரிந்துரைகள் (புற்றுநோய்ச் சந்தேகத்தில் மருத்துவர் ஒருவரை நிபுணரிடம் உடனே அனுப்புவது) சுமார் 30 சதவீதமும், நோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 9 சதவீதமும் கூடினார்கள். ஏறத்தாழ 700 பேர் கூடுதல். ஆனால் இருமல் குளிர்காலத்தில் ஏறும், கோடையில் இறங்கும். அதனால் முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடுதான் ஒப்பிட வேண்டும். அரசியின் வைரவிழாவுக்காக அந்த ஜூனில் ஒரு விடுமுறை கூடுதலாக வந்தது. ஒரு வேலைநாளுக்கு எத்தனை பேர் என்று கணக்கிடாவிட்டால் விளைவு சிறுத்துத் தெரியும். விளம்பரம் தொடாத முதுகுவலிக்கு வந்தவர்களையும் எண்ணிவைப்பது நல்லது. அதுவும் அதே அளவு ஏறியிருந்தால் காரணம் வேறு.

பரிந்துரைக்கப்பட்டவர்களில் புற்றுநோய் உறுதியானவர்களின் விகிதம் இறங்கினால் தோல்வி என்று பதறத் தேவையில்லை. அதிகம் பேரைச் சோதித்தால் அது இறங்கும். நோய் கண்டறிந்த நாளிலிருந்து உயிர்வாழும் காலத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும்: முன்னதாகக் கண்டுபிடித்தாலே, ஆயுள் கூடாமலேயே அது நீண்டதாகக் காட்டும். ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்கள் எத்தனை பேர், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதே பார்க்க வேண்டியது. 2012இல் இரண்டு விகிதமும் உயர்ந்தன.

காரணத்தை நிறுவ ஒப்பீட்டுப் பகுதியை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் நாடு முழுக்க ஒளிபரப்பிய பிறகு தொடாத பகுதி ஏது? முன்னோட்டக் கட்டத்திலேயே செய்துவிட வேண்டும். இரண்டு மாவட்டங்களில் தலா 5,000 பேரைக் கேட்டாலும் ஒப்பிடுவது இரண்டே மாவட்டங்களைத்தான், 10,000 பேரை அல்ல. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பக்கவாதத்தின் அறிகுறியாக முகம், கை, பேச்சைக் கவனிக்கச் சொன்ன 2009 பிரச்சாரம் நல்ல பாடம். ஆக்ஸ்ஃபோர்டு பகுதி ஆய்வில், பெரிய பக்கவாதம் கண்டவர்கள் விரைந்து உதவி கேட்டது கூடியது. சிறிய, சற்றுநேரத்தில் மறையும் பாதிப்பில் மாற்றமில்லை. மக்களைக் கேட்டு மட்டும் இது வெளிவந்திருக்காது. நோயின் தீவிரத்தால் பிரித்த பதிவு காட்டியது.

ஒரே வழிக்குத்தான் பணம் என்றால் பதிவுகளையே தேர்ந்தெடுங்கள். ஒளிபரப்புக்கு முன்பே, கடந்த இரண்டு ஆண்டுகளின் வாராந்தரத் தரவுக்கு அனுமதி கேட்டுவிடுங்கள். அது கையில் வர மாதக்கணக்காகும்.