வலது தொடையில் ஆப்பு, இடது தொடையில் சாந்து: 18 வருட அனுபவம்

"இடுப்பு மூட்டு மாத்தப் போறேன் டீச்சர், எந்தக் கம்பெனி நல்லது?" இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது என்னிடம் வந்துவிடும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில்கூட வந்திருக்கிறது. இரண்டு இடுப்பையும் மாற்றிக்கொண்டு நடமாடுகிறவள் என்பதால் ஊரில் எனக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி மரியாதை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "கம்பெனி இருக்கட்டும். தொடை எலும்புக்குள்ள அதை எப்படி நிக்க வைக்கப் போறாங்கன்னு கேட்டீங்களா?" பெரும்பாலும் முழிப்பார்கள். 2007இல் நானும் முழித்தவள்தான்.

எனக்கு 31 வயதில் முடக்குவாதம் வந்தது. வயதானவர்களுக்கு வரும் தேய்மானம் இல்லை, உடம்பே தன் மூட்டுகளைத் தின்னும் ருமட்டாய்டு வகை. திருச்சிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நாள் முழுக்க நிற்கிற வேலை. வலது இடுப்பை 2007இல், 44 வயதில் மாற்றினார்கள். அது சிமெண்ட் வைக்காத முறை. இடது இடுப்பை 2018இல், 55 வயதில் மாற்றினார்கள். அது சிமெண்ட் வைத்த முறை. ஆக, ஒரே ஆளிடம் இரண்டு தொழில்நுட்பமும் இருக்கிறது. ஒப்பிட்டுச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

மூட்டு மாற்று என்றதும் எல்லோரும் நினைப்பது பந்தும் கிண்ணமும்தான். அந்தப் பந்தைத் தாங்க ஒரு உலோகத் தண்டு இருக்கிறது. தொடை எலும்பு உள்ளே குழலாக இருக்கும்; மேலே அகன்று, கீழே போகப் போகக் குறுகும் புனல் மாதிரி. தண்டு அந்தக் குழலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு சுமை அதில் இறங்குகிறது. மாடிப்படி ஏறும்போது முறுக்கு விசையும் சேர்ந்துகொள்ளும். அங்கே தண்டு அசைய ஆரம்பித்தால் பந்து எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் பிரயோஜனமில்லை.

தம்பி விவசாயம் பார்க்கிறான். முதல் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் சொன்னதை அவனிடம் சொன்னபோது, "மம்பட்டிக்குக் காம்பு போடற மாதிரிதானக்கா" என்றான். அதேதான். காம்பைத் துளையைவிட ஒரு நூல் பருமனாகச் செதுக்கி, அடித்து இறக்கினால் இறுகிக்கொள்ளும். சிமெண்ட் இல்லாத முறையிலும் குழலைத் தண்டின் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே அரத்தால் அராவுகிறார்கள். சின்ன அரம், அடுத்த சைஸ், அதற்கடுத்த சைஸ் என்று தண்டின் வடிவத்திலேயே பல் வைத்த அரங்கள் வரிசையாகப் போகும். கடைசியில் தண்டை அடித்து இறக்குவார்கள். எலும்பு கொஞ்சம் விரிந்து கொடுத்து, திரும்பி வந்து கவ்விக்கொள்கிறது.

ஆனால் மண்வெட்டிக் காம்பு அதோடு சரி. எலும்புக்கு உயிர் இருக்கிறதே. தண்டின் மேல்பகுதி சொரசொரப்பாகவோ நுண்துளைகளோடோ இருக்கும். துளைகள் சுமார் 100 முதல் 400 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருந்தால் எலும்பு உள்ளே வளர்ந்து பற்றிக்கொள்ளும். என்னுடைய தண்டு டைட்டானியம். மேலே ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு. எலும்பிலேயே இருக்கிற கால்சியம் பாஸ்பேட் வகைக் கனிமம் அது. இந்தப் பூச்சுப் போட்ட இடுப்புத் தண்டை 1985இல் லண்டனில் ரொனால்ட் ஃபர்லாங் என்ற டாக்டர் முதலில் பொருத்தினார். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதை அதற்கும் வெகுமுன்பே, 1950களில், ஸ்வீடனின் பிரானெமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயல் எலும்பில் கவனித்திருந்தார். இன்று பல் டாக்டர்கள் வைக்கிற இம்ப்ளாண்ட் அந்த வழியில் வந்ததுதான்.

எல்லாம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஆரம்ப வாரங்களில் தண்டு அசையக் கூடாது. அசைவு 40, 50 மைக்ரானுக்குள் இருந்தால் எலும்பு வளரும். 150 மைக்ரானைத் தாண்டிவிட்டால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து மூடிவிடும். தலைமுடியின் பருமனே 70, 80 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்து இறக்கும் அந்தச் சில நிமிடத்தில் கிடைக்கிற இறுக்கம்தான் மூலதனம். எலும்பு வளர்ந்து பிடிப்பதெல்லாம் அப்புறம் சேரும் வட்டி.

அந்தச் சில நிமிடத்தை நான் காதால் கேட்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்திருந்தார்கள், மயக்கம் கிடையாது. வலி இல்லை, ஆனால் அடி விழும்போது உடம்பே மேஜையோடு அதிரும். முதலில் 'தொம் தொம்' என்று மந்தமாக இருந்தது. போகப் போகச் சுருதி ஏறி 'டக் டக்' என்று கூர்மையானது. தண்டு இறுக இறுக அதிர்வெண் கூடுகிறது. பதினோராம் வகுப்புப் பாடம், என் தொடைக்குள்ளேயே செய்முறை. பல டாக்டர்கள் இந்தச் சத்தத்தை வைத்துத்தான் தண்டு உட்கார்ந்துவிட்டதா என்று கணிக்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சுருதி ஏறிய பிறகு ஒரு அடி விழுந்தது. சத்தம் சட்டென்று இறங்கியது. யாரும் பேசவில்லை. அப்புறம், "கம்பி எடுங்க" என்ற குரல்.

தண்டின் கழுத்துக்குக் கீழே எலும்பில் சின்ன விரிசல். சிமெண்ட் இல்லாத முறையில் தெரிந்தே இருக்கிற ஆபத்து இது. இறுக்கம் போதவில்லை என்றால் தண்டு அசையும். ஒரு அடி கூடிவிட்டால் எலும்பு பிளக்கும். தண்டை வெளியே எடுத்து, எலும்பைச் சுற்றிக் கம்பி கட்டி முறுக்கி, மறுபடி இறக்கினார்கள். உலக்கைக்குப் பூண் போட்ட மாதிரி. இன்றைக்கும் எக்ஸ்ரேயில் அந்தப் பூண் பளிச்சென்று தெரியும். அடுத்த ஆறு வாரம் வாக்கரோடு, வலது காலைத் தரையில் சும்மா தொட்டுக்கொண்டு நடந்தேன். விரிசல் ஒட்டி ஆறிவிட்டது. அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன்; பார்த்த உடனே சரிசெய்தார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாததுதான் இன்றுவரை கோபம்.

முதல் வருடம் தொடை வலி இருந்தது. இடுப்பில் இல்லை, நடுத்தொடையில், தண்டின் நுனி இருக்கிற இடத்தில். நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கிற முதல் மூன்று நான்கு அடிக்கு மட்டும் சுருக்கென்று இருக்கும், பிறகு போய்விடும். மேலே எலும்பு பற்றிக்கொண்ட பிறகும் நுனி லேசாக வளைந்து கொடுக்கும். விறைப்பான உலோகத்துக்கும் எலும்புக்கும் ஒத்துப்போகாத இடம் அது. விறைப்பை அளக்கும் யங் குணகம் டைட்டானியத்துக்குச் சுமார் 110 கிகாபாஸ்கல், எலும்பின் கெட்டிப் பகுதிக்கு 20க்குக் கீழே. கோபால்ட் குரோமியமாக இருந்தால் வித்தியாசம் இதைப் போல இரண்டு மடங்கு. ஒன்றரை வருடத்தில் வலி தானாக மறைந்தது. அதற்குப் பிறகு வலது கால் என்னுடையதில்லை என்ற நினைப்பே வந்ததில்லை.

எக்ஸ்ரே மட்டும் வேறு கதை சொல்கிறது. பத்தாவது வருடப் படத்தில் தண்டின் மேல்பக்கம், உள்புற விளிம்பில் எலும்பு மங்கலாகத் தெரிந்தது. சுமையை உலோகமே வாங்கிக் கீழே கடத்திவிடுவதால் மேலே உள்ள எலும்புக்கு வேலையில்லை. வேலையில்லாத எலும்பு மெலியும் என்று ஜெர்மானிய டாக்டர் யூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார். பதறிப்போய்க் கேட்டேன். "மேல கொஞ்சம் மெலியும் டீச்சர், தண்டு அசையல, அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர்.

இனி இடது கால். பதினோரு வருட ஸ்டீராய்டு மாத்திரையும் மாதவிடாய் நின்றதும் சேர்ந்து 2018க்குள் என் எலும்பின் ஜாதகமே மாறியிருந்தது. 2007 படத்தில் புனலாக இருந்த குழல் இப்போது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், சுவரும் மெலிசு. எலும்பு டாக்டர்கள் ஒன்றை ஷாம்பெயின் கோப்பை என்றும் மற்றதை அடுப்புப் புகைக்குழாய் என்றும் சொல்வார்களாம். புகைக்குழாய்க்குள் ஆப்பு அடித்தால் எங்கே போய் நிற்கும்? ஒன்று இறங்கிக்கொண்டே போகும், இல்லையென்றால் பிளக்கும். வலது பக்கம் ஏற்கெனவே பூண் போட்ட வரலாறு வேறு. டாக்டர் யோசிக்கவே இல்லை. "சிமெண்ட்" என்றார்.

பெயர்தான் சிமெண்ட். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற அக்ரிலிக் அது; பல்செட் செய்கிற பொருளின் குடும்பம். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் இதை வைத்துத் தண்டைப் பொருத்தினார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சேர்த்து அவர் செய்த ஆபரேஷனிலிருந்துதான் இன்றைய இடுப்பு மாற்று தொடங்குகிறது. அதற்கு முன் அவர் டெஃப்லான் கிண்ணம் வைத்து, அவையெல்லாம் சில வருடத்திலேயே தேய்ந்துபோயிருந்தன. சிமெண்ட் என்பது பசை அல்ல என்று அவரே வலியுறுத்தியிருக்கிறார். செங்கல்லுக்கு நடுவே சாந்து போல, எலும்பின் பஞ்சுத் துவாரங்களுக்குள் புகுந்து உறைந்து பிடித்துக்கொள்கிறது. ஒட்டுவது அதன் வேலை இல்லை, இடைவெளி விடாமல் நிரப்புவதுதான்.

அதனால் இதில் கைப்பக்குவம் அதிகம். அந்தக் காலத்தில் விரலாலேயே அள்ளி அமுக்குவார்களாம். இப்போது முதலில் குழலின் அடியில் ஒரு அடைப்பான் வைக்கிறார்கள்; இல்லையென்றால் சாந்து கீழே ஓடிவிடும். அப்புறம் அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சி, ரத்தத்தையும் மஜ்ஜைக் கொழுப்பையும் கழுவித் துடைக்கிறார்கள். ஈரச் சுவரில் பூச்சு நிற்காது என்று கொத்தனாருக்குத் தெரிந்ததுதான். பொடியையும் திரவத்தையும் காற்றில்லாத கலனில் கலப்பதால் குமிழி குறைகிறது. முறுக்கு அச்சு மாதிரி ஒரு துப்பாக்கியை அடிவரை விட்டு, கீழிருந்து மேலே பின்வாங்கிக்கொண்டே பிழிகிறார்கள். காற்று உள்ளே மாட்டாது. குழலின் வாயை அமுக்கி அழுத்தம் கொடுத்த பிறகு தண்டு இறங்குகிறது. சுற்றிலும் குறைந்தது இரண்டு மில்லிமீட்டராவது சாந்து இருக்க வேண்டும்.

கலந்ததிலிருந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அறை சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் இறுகிவிடும். எங்கள் ஊர் மே மாதத்தில் ஆபரேஷன் தியேட்டர் ஏசி படுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "அன்னைக்குச் சிமெண்ட் கேஸ் எடுக்க மாட்டோம்" என்று சிரித்தார் மயக்க டாக்டர். கலக்கும்போது நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி அறை முழுக்க வந்தது. "டீச்சர், இப்ப சிமெண்ட் உள்ள போகுது, தலை கிறுகிறுன்னா உடனே சொல்லுங்க" என்றார். அழுத்தம் கொடுக்கும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து சிலருக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அபூர்வமாக உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு லேசாக இறங்கி, மருந்திலேயே ஏறிவிட்டது. சிமெண்ட்டின் பெரிய குறை என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன். இதயக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பலன் மறுநாளே தெரிந்தது. முழு எடையும் வைத்து நடந்தேன். வலது காலுக்கு ஆறு வாரம் காத்திருந்தவளுக்கு அது கொஞ்சம் அநியாயமாகக்கூட இருந்தது. தொடை வலி ஒரு நாள்கூட வந்ததில்லை.

இரண்டு வருடம் கழித்து எடுத்த படத்தில் தண்டு ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. நான் பயந்துவிட்டேன். அது அப்படித்தான் இறங்க வேண்டுமாம். 1970இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரத்தில் ராபின் லிங் என்ற டாக்டரும் கிளைவ் லீ என்ற பொறியாளரும் செய்த வடிவத்தின் வழியில் வந்த தண்டு என்னுடையது. கண்ணாடி போல மெருகேற்றிய கூம்பு. சிமெண்ட்டோடு ஒட்டாது, சாந்துக்குள் வழுக்கிச் சற்றே இறங்கி, ஆப்பாக இறுகி, சாந்தை எலும்போடு சேர்த்து அழுத்தும். 1976 வாக்கில் மெருகை நீக்கிச் சொரசொரப்பாக்கிப் பார்த்தார்கள். நன்றாகப் பிடிக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். அவைதான் அதிகம் தளர்ந்துபோயின. 1986இல் மறுபடி மெருகுக்கே திரும்பினார்கள். இருபது வருடம் உராய்வு விசை நடத்திய எனக்கே இது புதுப் பாடம். ஆக இடது காலிலும் ஆப்புதான். எலும்புக்குப் பதில் சாந்தில் இறங்கியிருக்கிறது.

யாராவது இப்போது என்னிடம் எது நல்லது என்று கேட்டால், எலும்பின் படத்தைக் காட்டச் சொல்வேன். வயது குறைவு, சுவர் கெட்டி என்றால் சிமெண்ட் இல்லாதது. 70ஐத் தாண்டியவர், எலும்பு மெலிவு, கீழே விழுந்து இடுப்பு ஒடிந்தவர் என்றால் சிமெண்ட். ஸ்வீடன் 1979லிருந்து மாற்று மூட்டுகளைப் பதிவேட்டில் எழுதிவருகிறது. வயதானவர்களுக்குச் சிமெண்ட் இல்லாத தண்டைச் சுற்றி எலும்பு முறிவது அதிகம் என்பது இப்படிப்பட்ட பல நாட்டுப் பதிவேடுகளில் தெரிகிறது. ஆனால் சிமெண்ட் பழைய டெக்னிக், சிமெண்ட் இல்லாததுதான் லேட்டஸ்ட், அதனால் விலையும் கூட என்று சொல்லி 78 வயதுப் பாட்டிக்கு விற்பதைக் கேட்டிருக்கிறேன். அங்கே வேறொரு டாக்டரையும் பாருங்கள்.

தரையில் உட்காருவதில்லை, வெஸ்டர்ன் டாய்லெட்தான், விமான நிலையத்தில் மெட்டல் டிடெக்டர் இரண்டு பக்கமும் கத்தும். இதெல்லாம் இரண்டு காலுக்கும் பொது.

ஒன்று மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். தண்டு, பந்து, கிண்ணம் எல்லாவற்றின் பெட்டியிலும் பெயர், அளவு, லாட் நம்பரோடு ஸ்டிக்கர் இருக்கும். கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். ஒரு பிரதியாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். 2018இல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வலது பக்கம் என்ன தண்டு என்பதுதான். பழைய மருத்துவமனையின் ரெக்கார்டு அறைக்கு நான்கு முறை அலைந்தேன். என்றைக்காவது அதை எடுக்க வேண்டி வந்தால் எலும்பு வளர்ந்து பிடித்த தண்டு லேசில் வராது, எலும்பையே ஜன்னல் மாதிரி அறுத்துத் திறக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். இடது பக்கம் சாந்து நன்றாக இருந்தால் மெருகுத் தண்டை மட்டும் மேலே தட்டி உருவிவிட்டு, அதே சாந்துக்குள் புதுசு வைக்கலாமாம்.

வருடம் ஒருமுறை படம் எடுத்து, பழையதோடு ஒப்பிடுகிறோம். சாந்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு விழுகிறதா, தண்டின் நுனி நகர்ந்திருக்கிறதா என்று டாக்டர் ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். பழைய ஃபிலிம்களை பீரோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தேன். போன மழைக்காலத்தில் 2009ஆம் வருடப் படமும் 2010ஆம் வருடப் படமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரிக்கப் பார்த்தால் பூச்சோடு உரிகிறது. அடுத்த தடவை அப்படியேதான் கொண்டுபோக வேண்டும்.