கார்பேதிய மலைகளின் மரத் தேவாலயங்கள்: கொழும்பிலிருந்து கண்ட ஓர் இணையவழிச் சுற்றுலா

மேற்கு உக்ரேனின் கார்பேதிய மலைப்பகுதியில் உள்ள பழைய மரத் தேவாலயங்களையும் மடாலயங்களையும் வீட்டிலிருந்தபடியே பார்க்க வைக்கும் இணையவழிச் சுற்றுலாத் தொடர் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. 2022 பெப்ரவரியில் போர் தொடங்கி உக்ரேனின் வான்வெளி மூடப்பட்டதும் வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருந்த வழிகாட்டிகள் பலர் தொழிலை இழந்தனர். அவர்களில் ஒருவர், பல ஆண்டுகளாகத் தாம் சேர்த்து வைத்திருந்த ஒளிப்படங்களையும் காணொளிகளையும் திரையில் காட்டி, கட்டணம் பெற்றுக்கொண்டு நேரலையில் பேசி வருகிறார். தனியொருவரின் பிழைப்பு என்பதாலும், குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும் பெயரை விட்டுவிடுகிறேன். மரத்தைப் பற்றி அவர் நடத்தும் அமர்வுகள் அனைத்தும் கொடுத்த காசுக்குப் பெறுமதியானவை. மடாலயங்களைப் பற்றிய அமர்வு அப்படியில்லை.

முதலில் நேரம். அறிவித்தல்கள் யாவும் கீவ் நேரப்படியே வருகின்றன. குளிர்காலத்தில் அங்கே மாலை நான்கு மணி என்றால் கொழும்பில் இரவு ஏழரை. அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளும் கோடைகாலத்தில் அதே நான்கு மணி நமக்கு ஆறரை. இந்த மாற்றத்தை நினைவூட்டி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்பதால், மார்ச் இறுதியிலும் ஒக்டோபர் இறுதியிலும் முன்பதிவு செய்பவர்கள் தாங்களே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்வெட்டினால் அமர்வு இடையில் நின்றுபோவதும் உண்டு. 2022இல் நாம் பட்ட பாட்டை மறக்காத எவரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விடுபட்ட பகுதியைப் பதிவுசெய்து மறுநாளே அனுப்பியும் விடுகிறார்.

இனி உள்ளடக்கம். யுனெஸ்கோ 2013இல் கார்பேதியப் பிராந்தியத்தின் மரத் தேவாலயங்கள் பதினாறை ஒரே தொகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் எட்டு உக்ரேனிலும் எட்டு போலந்திலும் உள்ளன. 16ஆம் நூற்றாண்டுக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட காலத்தவை. உக்ரேனின் எட்டையும் சுற்றியே தொடர் அமைந்திருக்கிறது. பட்டியலிலுள்ள சொவ்க்வா, பொத்தெலிச் ஆகிய ஊர்கள் மலையிலிருந்து வெகுதொலைவில், லிவீவ் நகருக்கு வடக்கே கிடப்பவை. ஆயினும் பொத்தெலிச் தேவாலயம் 1502இல் கட்டப்பட்டது என்பதால் அதை விட்டுவிடச் சொல்ல எவருக்கும் மனம் வராது.

அமைப்பை விளக்கும் முதல் அமர்வு தொடரின் மிகச் சிறந்த பகுதி. ஒவ்வொரு தேவாலயமும் மேற்கிலிருந்து கிழக்காக மூன்று அறைகளாகச் செல்கிறது: முன்னால் பெண்கள் நிற்பதற்கான கூடம், நடுவில் மக்கள் கூடும் மண்டபம், கிழக்கே பலிபீடம் இருக்கும் அறை. முன்மண்டபம், மகாமண்டபம், கர்ப்பக்கிருகம் என்று கோயிலுக்குள் நடந்து பழகியவர்களுக்கு இந்தத் தளவரைபடம் பார்த்தவுடனேயே புரிந்துவிடும். நடு மண்டபத்திற்கும் பலிபீடத்திற்கும் இடையே தரையிலிருந்து மேலே வரை திருவோவியங்களை வரிசை வரிசையாகப் பொருத்திய மரத் தடுப்பு ஒன்று நிற்கிறது. அதன் நடுக்கதவு வழிபாட்டின் குறித்த நேரங்களில்தான் திறக்கும். ரோகாட்டின் ஊரில் 1598ஆம் ஆண்டைச் சேர்ந்த தூய ஆவி தேவாலயத்திலுள்ள தடுப்பு 1650இல் செய்யப்பட்டது. வழிகாட்டி அதை ஒரு வரிசைக்கு ஒரு படமாக, அவசரமில்லாமல் காட்டுகிறார்.

சுவர்கள் கிடையாக அடுக்கிய முழு மரங்களால் ஆனவை. மூலைகளில் மரத்துக்கு மரம் வெட்டுக் கொடுத்துக் கோத்திருக்கிறார்கள். இந்த இடத்தில், என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்த, கொட்டாஞ்சேனையில் வசிக்கும் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துத் தச்சர் ஒருவர், “தம்பி, அந்த மூலையைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டச் சொல்லுங்கோ, ஆணி ஒண்டையும் காணேல்ல” என்றார். கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்பியதும் வழிகாட்டி தாம் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தி, வேறொரு கோப்பிலிருந்து அதே மூலையின் அண்மைப் படத்தைத் தேடி எடுத்தார். மரத்தின் முகத்தில் கோடரி பட்ட தழும்புகளும், மேல்மரம் கீழ்மரத்தின் மீது வழுக்காமல் உட்காரும்படி வெட்டிய சரிவும் துல்லியமாகத் தெரிந்தன. ஐயா அதற்குப் பிறகு ஒரு அமர்வையும் விடவில்லை.

கூரை மரத்தகடு பற்றிய விளக்கமும் அதே தரத்தில் இருந்தது. வழிகாட்டி ஒரு தகட்டைக் கையிலெடுத்து நிழற்படக் கருவிக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒரு விளிம்பு கத்திபோல மெலிந்தும் மற்ற விளிம்பில் நீளவாட்டில் ஒரு பள்ளம் ஓடியும் இருந்தன. ஒன்றின் மெல்லிய விளிம்பு அடுத்ததன் பள்ளத்துக்குள் நுழையும். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே பிளந்தெடுப்பதால் மழைநீர் உள்ளே ஊறாமல் நாரோடு வழிந்து போகிறது. தகடுகள் சில பத்தாண்டுகளில் உளுத்துப்போகும். அப்போது கூரையை மாற்றுவார்கள், சுவர் அப்படியே நிற்கும். சுவரைச் சுற்றி ஓடும் தாழ்வாரம்தான் அடிமரங்களை மழையிலிருந்து காக்கிறது. உஷோக் கிராமத்தின் தூய மிக்கேல் தேவாலயம் 1745இல் கட்டப்பட்டது. அதாவது, நமது கொழும்பு வுல்பெண்டால் தேவாலயம் அர்ப்பணிக்கப்பட்ட 1757க்கும் முந்தியது. கறையானும் கடற்காற்றும் சேர்ந்து ஒரு மரக் கதவை என்ன பாடு படுத்தும் என்பதை அறிந்த கொழும்புக்காரருக்கு இந்த ஆண்டுக்கணக்கு வியப்பளிக்கவே செய்யும்.

கூரையைப் பார்த்து ஊரை அறியும் முறையை வழிகாட்டி நன்றாகக் கற்றுத் தருகிறார். போய்கோ, ஹுட்சுல், லெம்கோ என்போர் இந்த மலைகளின் மக்கள் குழுக்கள். போய்கோ மக்களின் தேவாலயங்களில் மூன்று அறைகளின் மேலும் படிப்படியாகக் குறுகி எழும் மூன்று கோபுரங்கள் உண்டு. அவற்றில் நடுவிலுள்ளது உயரமானது. 1838ஆம் ஆண்டின் மத்கிவ் தேவாலயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹுட்சுல் மக்களோ கட்டடத்தைச் சிலுவை வடிவில் அமைத்து, மையத்தில் எண்கோணக் கோபுரத்தை எழுப்புகிறார்கள். யாசினியாவில் 1824இல் எழுந்த விண்ணேற்றத் தேவாலயம் இந்த வகையைச் சேர்ந்தது. பனியில் கைவிட வேண்டி வந்த தன் ஆட்டுமந்தை வசந்த காலத்தில் உயிரோடு இருந்ததைக் கண்டு, ஸ்த்ரூக் என்ற இடையன் முதல் தேவாலயத்தைக் கட்டினான் என்ற கதை அந்த ஊரில் வழங்குகிறது. லெம்கோ வகையில் மேற்குக் கோபுரமே உயர்ந்து நிற்கும். பட்டியலிலுள்ள லெம்கோ தேவாலயங்கள் போலந்தில் இருப்பதால், 1777இல் ஷெலெஸ்தோவோ கிராமத்தில் கட்டப்பட்டு இப்போது உஷ்ஹொரொட் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கும் தேவாலயத்தை அவர் காட்டுகிறார். போலந்துப் பக்கத்து லெம்கோ மக்களை 1947இல் அரசு ஊரோடு பெயர்த்து வேறிடங்களில் குடியேற்றிய பின்னர் அந்தத் தேவாலயங்கள் பல ரோமன் கத்தோலிக்கரிடம் போய்ச் சேர்ந்ததை மட்டும் ஒரே வாக்கியத்தில் கடந்து செல்கிறார். இங்கே இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது, இடம்பெயர்ந்த தேவாலயங்களைப் பற்றிய அமர்வு. மரங்களுக்கு இலக்கமிட்டுப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் அடுக்கிவிடலாம் என்பதால் இந்தக் கட்டடங்கள் ஊர்விட்டு ஊர் போயிருக்கின்றன. ட்ரோகோபிச் நகரின் தூய ஜோர்ஜ் தேவாலயம் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நதீயிவ் என்ற கிராமத்திலிருந்து கொண்டுவரப்பட்டது; விலையாக உப்புக் கொடுத்தார்கள் என்பது ஊர் வழக்கு. ட்ரோகோபிச் உப்பினால் வளர்ந்த நகர். கடலே இல்லாத அந்த இடத்தில் நிலத்தடி உவர்நீரை இறைத்துக் காய்ச்சி உப்பெடுத்தார்கள் என்பது, ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் புதிதாக இருக்கும். அந்தத் தேவாலயத்தின் உட்சுவர்களில் மரத்தின் மீதே தீட்டிய ஓவியங்களை வழிகாட்டி மிக அருகிலிருந்து படம்பிடித்திருக்கிறார். இரு மரங்கள் சந்திக்கும் கோடு ஒரு புனிதரின் முகத்துக்குக் குறுக்கே ஓடுவதைக்கூடக் காண முடிகிறது.

பயணங்கள் எல்லாம் நல்லபடியாக முடியவில்லை. முதலாம் உலகப் போருக்குப் பின் மலையின் தென்மேற்குப் பகுதி செக்கோஸ்லோவாக்கியாவின் கீழ் இருந்தபோது, மெத்வெதிவ்த்சி கிராமத்துத் தூய மிக்கேல் தேவாலயம் 1929இல் பிராக் நகரப் பூங்கா ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. போர்களையெல்லாம் கடந்து வந்த அந்தக் கட்டடம் 2020 ஒக்டோபர் 28இல் தீப்பற்றிப் பெரும் பகுதி அழிந்தது.

தீசா நதிக்கரையின் தேவாலயங்கள் மரத்தில் செய்த கோத்திக் பாணியைச் சேர்ந்தவை. கூம்பி ஊசிமுனையாக எழும் கோபுரங்களுடன் தானிலோவோ, கிரைனிகோவோ, ஒலெக்சாந்திரிவ்கா, சொகிர்னித்சியா ஆகிய கிராமங்களில் அவை நிற்கின்றன. நதிக்கு அப்பால் ருமேனியாவிலுள்ள மராமுரேஷ் தேவாலயங்கள் எட்டும் இவற்றின் நெருங்கிய உறவுகளே. அவை 1999இலேயே உலக மரபுரிமையாகிவிட்டன. உக்ரேன் கரையிலுள்ள இந்த நான்கும் 2013ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. வழிகாட்டி இதில் தமது எரிச்சலை மறைக்கவில்லை, அது நியாயமானதே. அதே கண்டிப்போடு தம் மக்களையும் அவர் விமர்சிக்கிறார்: சுதந்திரத்துக்குப் பின்னர் ஊர்மக்கள் பக்தி மேலிட்டுப் பல தேவாலயங்களின் கூரையையும் சுவரையும் பளபளக்கும் தகரத்தால் மூடிவிட்டார்கள். தகரத்துக்குள் ஈரம் தங்கி மரம் உள்ளுக்குள்ளேயே அழுகும். நம்மூரிலும் கருங்கல் தூண்களுக்கு எனாமல் வர்ணம் பூசும் பரிபாலன சபைகள் இருப்பதால், மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

மடாலய அமர்வில் இந்தக் கவனம் காணாமற்போகிறது. முக்காச்சேவோ நகரின் துறவிகள் குன்றில் இருக்கும் தூய நிக்கொலாஸ் மடாலயம், ஹோஷிவில் பசிலியத் துறவிகளின் மடாலயம், மன்யாவா மலைக்காட்டு மடம் ஆகிய மூன்றும் ஒரே மாலைக்குள் திணிக்கப்பட்டுள்ளன. மன்யாவாவுக்கு மட்டுமே ஒரு மாலை தேவை. கிரேக்கத்தின் துறவியர் மலையான அத்தோஸில் வாழ்ந்து திரும்பிய யோவ் க்னியாகினித்ஸ்கி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய அந்த மடம், பாப்பரசரை ஏற்காத கிழக்குத் திருச்சபையான ஓர்தொடொக்ஸின் துறவு வாழ்வுக்கு மையமாகக் கோட்டை மதில்களுக்குள் வளர்ந்தது. ஒஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1785இல் அதை மூடினார். துறவி ஓவியர் யோவ் கொண்ட்செலெவிச் 1698 முதல் 1705 வரை அந்த மடத்துக்காகச் செய்த திருவோவியத் தடுப்பு, மூடலுக்குப் பிறகு பொகொரொத்சானி ஊருக்குப் போய், இன்று லிவீவ் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உக்ரேனிய ஓவியத்தின் உச்சங்களில் ஒன்றாகக் கொண்டாடப்படும் இதற்கு இரண்டே படங்கள். புனித ஊற்றுக்கும் அதன் நீரின் மகிமைக்கும் பத்து நிமிடத்துக்கும் மேல்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்தத் தேவாலயங்களில் பெரும்பாலானவை பைசாந்திய வழிபாட்டை வைத்துக்கொண்டு பாப்பரசரை ஏற்ற கிரேக்க கத்தோலிக்கருடையவை. ரோமோடு இணையச் செய்த உடன்பாடுகளான 1596இன் பிரெஸ்ட் ஒன்றிப்பும் 1646இன் உஷ்ஹொரொட் ஒன்றிப்பும் அந்தத் திருச்சபையை உருவாக்கின. சோவியத் ஆட்சி அதை மலைக்கு வடகிழக்கேயுள்ள கலீசியாவில் 1946இலும் மலைக்கு அப்பால் 1949இலும் ஒழித்தது. முக்காச்சேவோ ஆயர் தெயோதோர் ரொம்ஷா 1947இல் கொல்லப்பட்டார். 2001இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளித்தார். தேவாலயங்கள் சில ஓர்தொடொக்ஸ் திருச்சபையிடம் கொடுக்கப்பட்டன, சில பூட்டப்பட்டன, சில களஞ்சியங்களாயின. இவற்றில் எதையும் தொடரில் கேட்க முடியாது. எந்த மடாலயம் இன்று எந்தத் திருச்சபைக்குரியது என்று ஒருவர் கேட்டபோதும், அது சிக்கலான விடயம் என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விட்டார். போர்க்காலத்தில் அவருடைய தயக்கம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் ஒரு பலிபீடம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்பதைச் சொல்லாமல் அதன் படத்தைக் காட்டினால், பார்ப்பவர் அதைப் பழைமையின் அழகு என்றே எண்ணிக்கொள்வார்.

கட்டணம் யூரோவில் அறவிடப்படுகிறது. கடனட்டையில் செலுத்தினால் வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். தொடரை முழுமையாகவோ தனி அமர்வாகவோ வாங்கலாம். தனியாக வாங்குபவர்கள் அமைப்பு, கூரை, இடம்பெயர்ந்த தேவாலயங்கள், தீசா நதிக்கரை ஆகிய நான்கையும் எடுத்தால் போதும். ஒரு வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து பார்த்தாலும் ஒரே கட்டணம்தான் என்பதால் பெரிய திரையில் பாருங்கள். கைத்தொலைபேசியில் மரவெட்டுகள் எதுவும் தெரியாது. தானியங்கி ஆங்கில வசன வரிகள் ஊர்ப்பெயர்களைச் சின்னாபின்னமாக்குவதால் அவற்றை அணைத்துவிட்டு, முன்கூட்டியே அனுப்பப்படும் வரைபடத்தை அச்சிட்டு அருகில் வைத்துக்கொள்வது நல்லது. பதிவுகள் ஒரு மாதத்தில் காலாவதியாகிவிடும், தரவிறக்கவும் முடியாது; இந்த விலைக்கு அது கஞ்சத்தனம்தான்.