ஆபரேஷன் தியேட்டர் செக்லிஸ்ட்: 5க்கு 4 ஸ்டார்

ஒரே பக்கம், 19 கேள்விகள், விலை கிடையாது. 2008ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இந்தத் தாளை தியேட்டரில் தினமும் கையில் வைத்திருக்கும் நர்ஸ் நான். மயக்க மருந்து கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே அனுப்பும் முன் என்று மூன்று இடத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்கிறது.

எனக்குப் பிடித்தது நடுவில் வரும் பகுதிதான். எல்லோரும் பெயரும் வேலையும் சொல்ல வேண்டும், யாருக்கு என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஆன்டிபயாட்டிக் கடைசி 60 நிமிடத்துக்குள் போட்டாச்சா என்றும் பார்க்க வேண்டும். பெரிய டாக்டர் முன்னால் வாயே திறக்காத ஜூனியர் பையன்கூட ஒருமுறை பெயர் சொல்லிவிட்டால், "சார், இடது பக்கம்தானே?" என்று கேட்டுவிடுகிறான்.

டெல்லி உட்பட 8 நகரங்களில் பார்த்து 2009ல் வெளியான ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது, சிக்கல்கள் 11லிருந்து 7க்கு. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் 101 ஆஸ்பத்திரிகளை அலசி 2014ல் வந்த ஆய்வில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு ஆச்சரியமில்லை. எல்லாம் முடிந்து டீ குடித்துக்கொண்டே 19 கட்டத்திலும் டிக் அடித்தாலும் தாள் பார்க்க அதே மாதிரிதானே இருக்கும்? ஒரு ஸ்டார் அதற்காகத்தான் குறைத்தேன்.

அப்புறம், அவரவர் ஆஸ்பத்திரிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தமிழில் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டுங்கள், கையுறை போட்டபடியே படிக்கலாம்.